கதையில் வரும் விலங்குக்கு எலும்பு தேடுவது எப்படி? தீவுத் தொன்மங்களுக்குள் புதிதாக நுழைபவர்களுக்கு

நியூசிலாந்தின் தென்கோடியில், ஸ்டூவர்ட் தீவைச் சுற்றிச் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. ரக்கியூரா மாவோரி மக்கள் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அங்கே போய், வளைகளில் வளரும் டீட்டீ என்னும் கடற்பறவையின் குஞ்சுகளைப் பிடித்து வருவார்கள். இரவிலும் வேலை நடக்கும். அப்படிப்பட்ட இரவுகளில் சில சமயம் தலைக்கு மேலே ஒரு குரல் கேட்கும்: "ஹக்வாய், ஹக்வாய், ஹக்வாய்." அது ஓய்ந்ததும், இரும்புச் சங்கிலியைப் படகுக்குள் கடகடவென்று இறக்குவது போல ஓர் இரைச்சல். உருவத்தைப் பார்த்தவர் யாருமில்லை. அது ஹாக்கவாய் என்னும் பெரும்பறவை, வானத்திலேயே வாழ்வது, நிலத்தில் கால் வைக்காதது என்று பெரியவர்கள் சொல்லி வந்தார்கள்.

இதைக் கேட்டதும் பலருக்கு ஹாஸ்ட் கழுகுதான் நினைவுக்கு வரும். இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல், எடை 10 முதல் 15 கிலோ வரை, நியூசிலாந்தில் வாழ்ந்து சில நூறு ஆண்டுகளுக்கு முன் அழிந்த பறவை. பெரிய கதை, பெரிய பறவை, பொருந்திவிட்டது என்று தோன்றும். ஆனால் 1987இல் பறவையியலாளர் காலின் மிஸ்கெல்லி வேறொரு விடையை முன்வைத்தார். அந்தத் தீவுகளில் வாழ்ந்த சிறிய உள்ளான் ஒன்று இரவில் உயரப் பறந்து, கூவிவிட்டுச் செங்குத்தாகப் பாயும். பாயும் வேகத்தில் வால் இறகுகள் அதிர்ந்து இரையும். அதன் உறவினப் பறவைகளின் வால் இறகுகள் அப்படி அதிர்ந்து தேய்ந்திருப்பதையும் அவர் கண்டார். கைக்குள் அடங்கிவிடும் பறவை அது. 1964இல் எலிகள் பிக் சவுத் கேப் தீவுக்குள் பெருகியபோது காப்பாற்றுவதற்காகப் பிடித்த கடைசி இரண்டும் செத்துப்போயின. அதோடு அந்த உள்ளானும் போயிற்று, ஹாக்கவாயின் குரலும் போயிற்று.

கதைக்குப் பின்னால் இருக்கும் விலங்கைத் தேடும் இந்தத் துறைக்குப் புதிதாக வரும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். உருவ ஒற்றுமையை வைத்துத் தொடங்கினால் எந்தக் கதைக்கும் ஒரு விலங்கு கிடைத்துவிடும். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது அவ்வளவு சுலபம். அதனால் விலங்கை ஓரமாக வைத்துவிட்டு, கதை யார் வாயிலிருந்து யார் காதுக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம்தான் எலும்பு. நான் எந்த வரிசையில் வேலை செய்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

1. கதையின் மிகப் பழைய வடிவத்தைத் தேடிப் பிடியுங்கள்

எடுத்துக்காட்டுக்கு ஒற்றைக் கண் அரக்கர்களான சைக்ளோப்ஸ். சிசிலி, மால்டா, சைப்ரஸ், கிரீட் போன்ற மத்தியதரைக் கடல் தீவுகளில் குள்ள யானைகள் வாழ்ந்தன. சிசிலியில் கிடைத்த ஓர் இனம் முழு வளர்ச்சியிலும் ஏறத்தாழ 1 மீட்டர் உயரம்தான். யானையின் மண்டையோட்டை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால், நடு நெற்றியில் பெரிய ஓட்டை ஒன்று தெரியும். அது தும்பிக்கைக்கான மூக்குத் துவாரம். கண்குழிகள் இரண்டும் பக்கவாட்டில் ஒதுங்கி, எலும்போடு எலும்பாகத் தெரியும். யானையையே பார்த்திராத ஒருவர் அந்த ஓட்டையை ஒற்றைக் கண் என்று நினைத்திருப்பார் என்று ஆஸ்திரியத் தொல்லுயிரியலாளர் ஒத்தேனியோ ஆபெல் 1914இல் சொன்னார்.

அந்த மண்டையோட்டின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. பல ஆண்டுகள் அதை உண்மை என்றே நம்பியிருந்தேன். பிறகுதான் பழைய நூல்களைத் தேடிப் படித்தேன். சைக்ளோப்ஸ் ஒருவன் வரும் ஹோமரின் ஒடிசி காவியத்தில் மண்டையோடு எதுவும் வராது. அந்த அரக்கன் சிசிலியில் வாழ்ந்தான் என்றும் ஹோமர் சொல்லவில்லை. பின்னால் வந்த கிரேக்கர்கள்தான் அவனைச் சிசிலியில் குடிவைத்தார்கள். குள்ள யானையின் மண்டையோட்டை எடுத்து "இதோ சைக்ளோப்ஸ்" என்று சொன்ன பழங்கால எழுத்து எதுவும் நம் கையில் இல்லை. ஆபெலின் கருத்து அழகானதுதான், நடந்திருக்கவும் கூடும். ஆனால் அது 20ஆம் நூற்றாண்டின் ஊகம். இணையத்தில் அது "பழங்காலக் கிரேக்கர்களின் நம்பிக்கை" என்று உலவுகிறது.

அதனால் நோட்டில் முதல் வரியாக இதை எழுதுங்கள்: கதை முதலில் பதிவான ஆண்டு, பதிந்தவர், சொன்ன மக்கள். இரண்டாவது வரி: அழிந்த விலங்கோடு அதை முதலில் இணைத்தவர் யார், எந்த ஆண்டு. இந்த இரண்டு வரிகளையும் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. சொன்னவர்களின் முன்னோர் அங்கே இருந்தார்களா?

பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் சிக்சார்னி என்று ஒன்றைப் பற்றிச் சொல்வார்கள். ஆந்தை முகம், சிவந்த கண்கள், மூன்று விரல்கள். இரண்டு பைன் மரங்களின் நுனிகளைச் சேர்த்துக் கட்டி அதில் கூடு வைக்கும். பஹாமாஸின் குகைகளில் ஒரு மாபெரும் கூகையின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. 1937இல் பறவையியலாளர் அலெக்சாண்டர் வெட்மோர் அதற்கு டைட்டோ பொலென்ஸ் என்று பெயரிட்டார். உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

இப்போது மக்களின் வரலாற்றைப் பாருங்கள். அந்தத் தீவுகளின் பழங்குடிகளான லுக்காயர்களை ஸ்பானியர்கள் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கொலம்பஸ் வந்து 30 ஆண்டுகளுக்குள் தீவுகள் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டன. ஆங்கிலேயர் அங்கே குடியேறத் தொடங்கியது 1648இல். இன்று அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் அதற்கும் பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கூகையைப் பார்த்திருக்கக்கூடிய லுக்காயர்களுக்கும் இன்று கதை சொல்பவர்களுக்கும் நடுவே நூறு ஆண்டுக்கு மேல் ஆளே இல்லாத இடைவெளி. கதை எந்த வழியாக வந்தது? கூகை அதன் பிறகும் உயிரோடு இருந்தது என்று காட்டினால் ஒழிய, இந்தச் சங்கிலி இங்கேயே அறுந்துவிடுகிறது.

மொரீஷியஸில் நிலைமை இன்னும் தெளிவு. 1598இல் டச்சுக்காரர்கள் இறங்கியபோது அங்கே மனிதர்களே வாழவில்லை. அதனால் அங்கே வாழ்ந்து அழிந்த டோடோ பறவையைப் பற்றிப் பழைய வாய்மொழிக் கதை கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

3. உயிரோடு பார்த்ததா, எலும்பைப் பார்த்ததா?

ஓர் அழிந்த விலங்கு கதைக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. முன்னோர்கள் அதை உயிரோடு பார்த்திருக்கலாம். அல்லது வெகுகாலம் கழித்து யாரோ அதன் எலும்பைக் கண்டெடுத்து, "இது என்னவாக இருக்கும்" என்று யோசித்திருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் தப்பாகும்.

எலும்பு வாசலுக்கு நல்ல சான்று ஏஜியன் கடலில் உள்ள சாமோஸ் தீவு. அங்கே நேயாதெஸ் என்னும் பூதாகார மிருகங்கள் வாழ்ந்தன, அவை கத்தினால் நிலமே பிளக்கும் என்று பழைய கிரேக்கர்கள் எழுதியிருக்கிறார்கள். "நேயாதெஸை விட உரக்கக் கத்துகிறான்" என்று பழமொழியே இருந்தது. அந்த மிருகங்களின் எலும்புகள் தீவில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன என்றும் குறிப்பு இருக்கிறது. இன்று சாமோஸின் மண்ணைத் தோண்டினால் ஒட்டகச்சிவிங்கியின் பழைய உறவினங்களும் யானை வகைகளும் கிடைக்கின்றன. அவற்றின் வயது ஏறத்தாழ 70, 80 லட்சம் ஆண்டுகள். மனிதன் உயிரோடு பார்த்திருக்க வழியே இல்லை. ஆனால் எலும்பு கண்ணுக்கு முன் கிடந்தது, கதையும் எலும்பைச் சுட்டிக்காட்டுகிறது. நிலம் பிளக்கும் என்ற பகுதிகூட, நிலநடுக்கத்தில் பிளந்த மண்ணிலிருந்து எலும்புகள் வெளிப்பட்டதைப் பார்த்தவர்கள் சொன்னதாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

சைப்ரஸில் இதைவிட நெருக்கமான சான்று இருக்கிறது. அங்கே வாழ்ந்து அழிந்த குள்ள நீர்யானை, முக்கால் மீட்டர் உயரம். வடகரையில் அதன் எலும்புகளைக் கிராம மக்கள் பனூரியோஸ் என்னும் புனிதரின் எலும்புகள் என்று நம்பி, பொடித்து மருந்தாகச் சாப்பிட்டார்கள். 1972இல் அந்த விலங்குக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, அதற்காகவே பனூரியோஸ் என்றே வைத்தார்கள். எலும்பு, நம்பிக்கை, நம்பியவர்கள் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இப்படி அமைவது அபூர்வம்.

4. காலக்கணக்கு

இந்தப் படியில் இரண்டு தேதிகள் போதும். மனிதர்கள் தீவுக்கு வந்தது எப்போது, விலங்கு அழிந்தது எப்போது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். உயிரோடு பார்த்தார்கள் என்று சொல்ல அது கட்டாயம்.

நியூசிலாந்தில் மனிதர்கள் குடியேறியது 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மோவா என்னும் இறக்கையற்ற பெரும்பறவைகள் அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்குள் தீர்ந்துவிட்டன. மோவாவைத் தின்று வாழ்ந்த ஹாஸ்ட் கழுகும் கூடவே போனது. ஆக, மாவோரி முன்னோர் சிலர் அந்தக் கழுகை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள் என்பதில் சிக்கல் இல்லை. மலையிலிருந்து இறங்கி மனிதரைத் தூக்கிப்போகும் பூவாக்காய் என்னும் பறவையின் கதைக்கு அது வலுவான அடித்தளம். "மோவா தொலைந்தது போலத் தொலைந்தான்" என்று பொருள்படும் மாவோரிப் பழமொழியும் இருக்கிறது. ஒரு விலங்கு அழிந்ததை ஒரு மொழி தனக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது என்றால், அதைவிட மேலான சாட்சி எனக்குத் தெரியாது. பழமொழி, ஊர்ப்பெயர், திட்டும் சொல் இவற்றையெல்லாம் கதையோடு சேர்த்தே சேகரியுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவு. அங்கே லியாங் புவா குகையில் 2003இல் ஒரு மீட்டர் உயரமே உள்ள மனித இனத்தின் எலும்புக்கூடு கிடைத்தது, ஹோமோ புளோரசியென்சிஸ். அதே தீவின் நடுப்பகுதியில் வாழும் நகே மக்கள், எபு கோகோ என்னும் குட்டையான, உடலெல்லாம் மயிர் நிறைந்த, எதையும் விழுங்கும் ஆட்களைப் பற்றிச் சொல்கிறார்கள். எலும்புகள் 18,000 ஆண்டுகள் பழையவை என்றுதான் 2004இல் அறிவித்தார்கள். அப்போது இணைப்பு நம்பத்தக்கதாகத் தெரிந்தது. 2016இல் குகையின் மண்ணடுக்குகளை மறுபடி ஆராய்ந்தபோது எலும்புகளின் வயது 60,000 முதல் 1,00,000 ஆண்டுகள் என்று மாறியது. அவர்களுடைய கருவிகளும் ஏறத்தாழ 50,000 ஆண்டுகளோடு நின்றுவிடுகின்றன. கதை அப்படியேதான் இருக்கிறது, தேதி ஒன்று மாறியதும் இணைப்பு தளர்ந்துவிட்டது. இடத்தையும் கவனியுங்கள். குகை இருப்பது மேற்கே மங்கராய் பகுதியில், நகே நாட்டில் இல்லை.

ஓர் எச்சரிக்கை. கடைசியாகக் கிடைத்த எலும்பின் வயது என்பது கடைசி விலங்கு செத்த நாள் இல்லை. கடைசிச் சில விலங்குகளின் எலும்பு நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சில நூறு ஆண்டுகள் பின்னால் தள்ளிப் பார்க்க இடம் கொடுக்கலாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அதைச் சாக்காக்கக் கூடாது.

5. விவரங்களைப் பிரித்துப் போட்டு எடை பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். நிதானமாகச் செய்ய வேண்டும். வர்ணனையில் உள்ள ஒவ்வொரு விவரத்தையும் தனி வரியில் எழுதி, எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: பொருந்துகிறது, பொருந்தவில்லை, எந்தப் பிராணிக்கும் பொருந்தும்.

மடகாஸ்கரிலிருந்து ஒன்றைச் செய்து பார்ப்போம். மேற்குக் கரையில் பெலோ-சுர்-மெர் என்னும் மீனவக் கிராமத்தில் டேவிட் பர்னியும் ரமிலிசோனினாவும் பதிவுசெய்து 1998இல் வெளியிட்டது, கிலோபிலோபித்சோஃபி என்னும் மிருகத்தின் வர்ணனை. மாட்டின் அளவு. கொம்பு இல்லை. கருத்த உடல். கண்ணையும் வாயையும் சுற்றி இளஞ்சிவப்பு. தொங்கும் பெரிய காதுகள். இரவில் வரும், முக்கி முனகும், விரட்டினால் தண்ணீருக்குள் ஓடிவிடும்.

இரவில் வரும் என்பது எந்தப் பிராணிக்கும் பொருந்தும், அதற்கு மதிப்பெண் இல்லை. கொம்பில்லாத மாட்டளவு உடல், தண்ணீருக்குள் ஓடுவது, முனகல், இவை நீர்யானைக்குப் பொருந்துகின்றன. மடகாஸ்கரில் குள்ள நீர்யானைகள் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தன. முகத்தில் இளஞ்சிவப்பு என்பதுதான் என்னை நிறுத்துகிறது. நீர்யானையை அருகில் பார்க்காதவர் சட்டென்று கற்பனை செய்துவிடக்கூடிய விவரம் இல்லை அது. ஆனால் தொங்கும் பெரிய காது பொருந்தவில்லை, நீர்யானையின் காது சிறியது. இந்த ஒரு வரியை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். ஆப்பிரிக்கக் கரை 400 கிலோமீட்டர்தான், அங்கிருந்து வந்த மாலுமிகள் நீர்யானையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே தீவில் எத்தியேன் த ஃபிளாக்கூர் என்ற பிரெஞ்சு ஆளுநர் 1658இல் எழுதியது இன்னொன்று. த்ரெத்ரெத்ரெத்ரே: இரண்டு வயதுக் கன்றின் பருமன், வட்டத் தலை, மனித முகம், மனிதக் காது, குரங்கின் கைகால், சுருட்டை மயிர், குட்டை வால். அழிந்துபோன ராட்சத லெமூர்களில் (மடகாஸ்கரில் வாழும் குரங்கு போன்ற விலங்குகள்) ஒன்று என்று இதைச் சொல்கிறார்கள். எந்த லெமூர்? மெகலடாபிஸ் என்றால் முகம் நீண்டு முன்னால் துருத்தியிருக்கும், "மனித முகம்" அங்கே இடிக்கிறது. பேலியோப்ரோபிதேக்கஸ் அதைவிடப் பொருத்தம் என்பது என் எண்ணம். இப்படி ஒரே விவரம் இரண்டு வேட்பாளர்களில் ஒருவரை விலக்கிவிடும்.

ஒரு கதைக்குள் இரண்டு விலங்குகள் கலந்திருக்கவும் கூடும். நியூசிலாந்தின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் கிரேயிடம் 19ஆம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட ஹோக்கியோய் என்னும் பறவை கருமை நிறம், மஞ்சளும் பச்சையும் கலந்த சாயல், தலையில் சிவப்பு இறகுக் கொத்து, மலையில் வாழ்வது, மிகப் பெரியது. உடலைப் பார்த்தால் கழுகு. ஆனால் அது தன் பெயரையே சொல்லிக் கூவும் என்றும் வருகிறது. ஹோக்கியோய், ஹாக்கவாய் என்று இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கழுகின் உடலும் உள்ளானின் குரலும் ஒரே கதையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

6. வேறு விளக்கத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்

மார்கோ போலோ மடகாஸ்கருக்குத் தெற்கே உள்ள தீவுகளில் யானையையே தூக்கும் ருக் பறவை இருப்பதாகக் கேட்டு எழுதினார். நம் கதைகளில் வரும் அண்டரண்டப் பட்சியின் உறவுக்காரன் என்றே சொல்லலாம். மடகாஸ்கரின் யானைப்பறவை இட்ட முட்டை 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், எட்டு லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். அதைக் கையில் தூக்கிய மாலுமிக்கு என்னென்ன தோன்றியிருக்கும்! ஆனால் யானைப்பறவை பறக்காது. மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானுக்குக் கொண்டுபோன ருக் "இறகு" ராஃபியா பனையின் ராட்சத ஓலையாக இருக்கலாம் என்று மார்கோ போலோவின் நூலை மொழிபெயர்த்த ஹென்றி யூல் கருதினார். கதைக்குள் ஒரு பறவை இருந்தால் அதன் மூலமும் பறவைதான் என்று கட்டாயமில்லை, ஓலையாகவும் இருக்கலாம்.

ஊர் ஊராகப் பயணம் போகும் கதைத்துண்டுகளையும் கவனியுங்கள். எபு கோகோக்களைக் குகைக்குள் தீவைத்து ஒழித்தார்கள் என்கிறார்கள் நகே மக்கள். இலங்கையின் வேடர்களிடம் நித்தேவோ என்னும் குட்டை ஆட்களின் கதை உண்டு, 19ஆம் நூற்றாண்டில் ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி பதிவுசெய்தது. அவர்களையும் குகைக்குள் அடைத்து, வாயிலில் தீமூட்டிப் புகையால் கொன்றார்கள் என்றே அதுவும் முடிகிறது. இரண்டு தீவுகளில் ஒரே முடிவு வந்தால், அந்தப் பகுதியை நேரில் கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல் தள்ளி வையுங்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த பொருத்தங்களும் இந்தத் துறையில் நிறைய.

கதை சொல்பவரிடம் நேரில் பேசும் வாய்ப்புக் கிடைத்தால், படத்தை முதலில் நீட்டாதீர்கள். நீர்யானைப் படத்தைக் காட்டி "இதுவா?" என்று கேட்டால், வந்த விருந்தாளியை ஏமாற்ற வேண்டாம் என்று நல்ல மனதோடு "ஆமாம்" என்பார்கள். முழுக்கச் சொல்ல விட்டு, கத்தும் ஒலியை நடித்துக்காட்டச் சொல்லி, கடைசியில் நாலைந்து படங்களைக் கலந்து வையுங்கள். அவர்களுக்கு அது முன்னோரின் சொத்து. "தப்பாக அடையாளம் கண்ட விலங்கு" என்று அவர்கள் முன்னாலேயே பேசுவது மரியாதை இல்லை.

7. முடிவைப் பென்சிலில் எழுதுங்கள்

நான் மூன்று தரம் வைத்திருக்கிறேன். சங்கிலி, காலம், விவரம் மூன்றும் நின்றால் "வலுவானது": ஹாக்கவாய், பூவாக்காய், சைப்ரஸ் புனிதர். ஒன்று ஆடினால் "திறந்திருக்கிறது": கிலோபிலோபித்சோஃபி. உருவ ஒற்றுமை மட்டும் இருந்தால் "ஊகம்": சைக்ளோப்ஸ், சிக்சார்னி. எபு கோகோவை 2016இல் அழித்துக் கீழே இறக்கினேன், பென்சில் அதற்காகத்தான்.

சரி, முதல் பயிற்சிக்கு நியூ கலிடோனியாவின் "டு" பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவந்த பெரிய பறவை, தலையில் விண்மீன் வடிவக் கொண்டை, இட்ட முட்டையை அது அடைகாக்காது என்று அங்கே கதை. பைன்ஸ் தீவில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980இல் பிரான்சுவா போப்ளின் சில்வியோர்னிஸ் என்ற பறக்காத பெரும்பறவையை விவரித்தார். அதன் மண்டையில் எலும்புப் புடைப்பு உண்டு. மண்மேட்டில் முட்டையைப் புதைத்து வைக்கும் பறவைகளின் இனம் என்று பிறகு நினைத்தார்கள், அடைகாக்காத விவரம் அப்படியே பொருந்தியது. 2016இல் வந்த எலும்பாய்வு அந்த உறவை மறுத்து, தோண்டுவதற்கேற்ற கால் அதற்கு இல்லை என்றது. மனிதர்கள் அங்கே வந்து ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் ஆகின்றன. கதை எந்த ஆண்டு அச்சானது, எலும்பு எந்த ஆண்டு வெளிவந்தது என்ற இரண்டு வரிகளிலிருந்து தொடங்குங்கள்.